பித்தப்பைக் கல் அறுவையில் ஒப்புதலும் நோயாளியின் எதிர்பார்ப்பும்: ஒரு நிகழ்வு ஆய்வு

லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளைகள் வழியே கேமரா விட்டு, முடிக்கத் திட்டமிட்ட பித்தப்பை அறுவை இடையில் ஓப்பனாக, வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையாக, மாற்றப்பட்டது. பித்தப்பையின் ஒரு பகுதி உள்ளேயே விடப்பட்டது. அடுத்த நாளே பித்தம் கசியத் தொடங்கியது. இந்த அறுவையைச் செய்பவர்களுக்கு இவை மூன்றும் பழக்கமானவை. நோயாளிக்கோ மூன்றும் அதிர்ச்சி. அந்த இடைவெளி எந்தக் கட்டத்தில் உண்டானது, எங்கே அதை அடைத்திருக்கலாம் என்று இங்கே பதிவு செய்கிறோம். நோயாளியையோ மருத்துவமனையையோ அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.

பின்னணி

நோயாளி 52 வயதுப் பெண். ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை. பக்கவாதத்தால் படுத்த படுக்கையாக இருக்கும் 78 வயதுத் தாயை வீட்டில் அவர் ஒருவரே கவனித்துவந்தார். தாயைப் பற்றிய தகவல் கேஸ் ஷீட்டில் எங்குமே இல்லை. அறுவைக்குப் பிறகுதான் தெரியவந்தது.

இரண்டு வருடங்களாகச் சாப்பிட்டதும் மேல்வயிறு உப்புசம், ஏப்பம், அவ்வப்போது நெஞ்செரிச்சல். கிட்டத்தட்ட தினமும் இருந்த தொந்தரவு இது. இதிலிருந்து வேறுபட்ட ஒரு வலியும் நான்கு முறை வந்திருந்தது. இரவில், வலது விலாவுக்குக் கீழே ஆரம்பித்து முதுகில் தோள்பட்டை எலும்பு வரை பரவி, ஒன்றிரண்டு மணி நேரம் படுத்திவிட்டுத் தானாக அடங்கும். நான்காவது முறை மட்டும் அடங்கவில்லை. காய்ச்சலோடு இரண்டு நாள் நீடித்தது. வேறோர் இடத்தில் ஆன்டிபயாடிக் ஊசி போட்டுச் சரிசெய்தார்கள். எட்டு வாரம் கழித்து அறுவைக்காக இந்த மருத்துவமனைக்கு வந்தார்.

ஸ்கேனில் பித்தப்பைக்குள் பல கற்கள், பெரியது 14 மி.மீ. பித்தப்பைச் சுவரின் தடிப்பு 5 மி.மீ.; 3 மி.மீ. வரை இயல்பு. பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் பொதுப் பித்தக்குழாயின் அகலம் 5 மி.மீ., உள்ளே கல் தென்படவில்லை. கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனைகள் இயல்பு.

அறுவை தேவைதான். கல்லினால் வரும் வலி திரும்பத் திரும்ப வந்து, ஒரு முறை பித்தப்பை அழற்சியும் ஆன ஒருவரை அப்படியே விட்டால் மறுபடி வர வாய்ப்பு அதிகம். ஆனால் இந்த வரலாற்றிலேயே வேறு இரண்டு செய்திகளும் இருந்தன. ஒன்று, எட்டு வாரத்துக்கு முந்தைய அழற்சியும் 5 மி.மீ. தடிப்பும் சேர்ந்தால், உள்ளே எல்லாம் ஒட்டிப்போயிருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டும். மற்றொன்று, தினசரி உப்புசமும் ஏப்பமும் கல்லோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை அல்ல. கல்லே இல்லாதவர்களுக்கும் அவை சகஜம். பித்தப்பையை எடுத்த பிறகும் கணிசமானோருக்கு அவை தொடரும். வரலாற்றை எழுதிய பயிற்சி மருத்துவர் காய்ச்சல் விவரத்தைத் தேதியோடு எழுதியிருந்தார். நோயாளியிடம் பேசியவர்கள் யாரும் அதை எடுத்துப் பேசவில்லை.

முதல் ஆலோசனை

புறநோயாளிப் பிரிவில் நடந்த பேச்சு சில நிமிடங்கள்தான். நோயாளி, அவருடைய மகன், அறுவை மருத்துவர் மூவரும் தனித்தனியாக நினைவுகூர்ந்தது பெருமளவு ஒத்துப்போகிறது.

“கல்லு நிறைய இருக்கும்மா. பையோட எடுத்துடணும். சின்ன ஆபரேஷன்தான், நாலு ஓட்டை. மறுநாள் வீட்டுக்குப் போயிடலாம்.”

“இந்த உப்புசம், ஏப்பம் எல்லாம் போயிடுமா டாக்டர்?”

“கல்லை எடுத்துட்டா எல்லாம் சரியாயிடும்.”

மருந்தில் கரைக்க முடியாதா என்று மகன் கேட்டார். “அதெல்லாம் வேலைக்கு ஆகாது” என்று பதில் வந்தது.

பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் ஒருவரைத் தேற்றத்தான் இப்படிப் பேசப்பட்டது, அதில் சந்தேகமில்லை. ஆனாலும் ஒவ்வொரு வாக்கியத்தையும் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. நான்கு துளை, மறுநாள் வீடு என்பது பித்தப்பை அறுவைக்கு வரும் பெரும்பாலோருக்குச் சரி. திட்டமிட்டுச் செய்யும்போது 100 பேரில் ஏறக்குறைய 5 பேருக்கோ அதற்கும் குறைவாகவோதான் ஓப்பனாக மாற்ற நேர்கிறது. அழற்சி வந்துபோன, சுவர் தடித்த பித்தப்பைக்கு அந்த எண்ணிக்கை கூடும். இவர் அந்த இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவர். அவருக்குச் சொல்லப்பட்டதோ முதல் கூட்டத்துக்கான கணக்கு.

மருந்து பற்றிய பதில் முடிவளவில் சரியானது, காரணம்தான் சொல்லப்படவில்லை. அர்சோடியாக்சிகோலிக் அமில மாத்திரை சிறிய கொழுப்புக் கற்களைத்தான், அதுவும் நன்றாக இயங்கும் பித்தப்பையில்தான், பல மாதங்களில் கரைக்கும். நிறுத்திய பிறகு பலருக்குக் கல் மறுபடி உண்டாகும். 14 மி.மீ. கல்லுக்கும் தடித்த சுவருக்கும் அது பொருந்தாது. இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். மாற்று வழி ஏன் தனக்கு உதவாது என்று தெரிந்துகொள்வதும் ஒப்புதலின் ஒரு பகுதி. அறுவை செய்யாமல் காத்திருந்தால் என்ன ஆகும் என்பதும் அப்படித்தான்.

உப்புசம் பற்றிய பதில் தவறு. மற்ற இரண்டையும்விட இதுவே பின்னால் அதிகம் வலித்தது. நோயாளியைப் பொறுத்தவரை தினமும் படுத்தியது உப்புசம்தான். இரவு வலி எப்போதோ நான்கு தடவை வந்தது. அவர் அறுவைக்குச் சம்மதித்ததே உப்புசம் போகும் என்று நம்பித்தான்.

மறுநாள் வீடு என்ற சொல்லை வைத்து அவர் 10 நாள் விடுப்பு போட்டார். தாயைப் பார்த்துக்கொள்ள மூன்று நாளுக்கு ஆள் ஏற்பாடு செய்தார்.

அறுவைக்கு முந்தைய மாலை

ஒப்புதல் படிவம் மாலை 7 மணிக்கு வார்டில் கொடுக்கப்பட்டது. கொடுத்தவர் டியூட்டி டாக்டர். அவர் இந்த அறுவையில் பங்கேற்கவில்லை, இந்த நோயாளியை அதற்கு முன் பார்த்ததும் இல்லை. எல்லா அறுவைக்கும் பொதுவான இரண்டு பக்க அச்சுப் படிவம். அறுவையின் பெயருக்கான கோட்டில் ஆங்கிலத்தில் லேப்ராஸ்கோப்பிக் கோலிசிஸ்டெக்டமி (துளை வழியே பித்தப்பையை அகற்றுதல்), அதையடுத்து ± குறி, பிறகு ஓப்பன் என்ற ஒரே சொல். அபாயங்களுக்கான இடத்தில் ரத்தப்போக்கு, கிருமித்தொற்று, அக்கம்பக்க உறுப்புகளில் காயம். பித்தக்குழாய், பித்தக் கசிவு என்ற சொற்கள் இல்லை. நோயாளி கையெழுத்திட்டார். சாட்சியாக மகன்.

டியூட்டி டாக்டர் கேள்வி ஏதும் உண்டா என்று கேட்டார். இல்லை என்றார் நோயாளி. இரவு உணவு நிறுத்தப்பட்டு, காலை முதல் கேஸ் என்று பெயர் எழுதப்பட்டு, கையில் ஊசி ஏறிய நிலையில் இருப்பவர் பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார். அவர் முடிவெடுத்தது ஆலோசனை அறையில், வாரக்கணக்குக்கு முன்னால். படிவம் அந்த முடிவுக்கு ரசீது மாதிரி வந்து சேர்ந்தது. ஓப்பன் என்ற சொல் காகிதத்தில் இருந்தது உண்மை. அதனால் மருத்துவமனைக்குச் சட்ட ரீதியாக ஒரு பிடி இருக்கலாம். ஆனால் அது நோயாளியின் மனத்தில் ஏறியிருந்தால், ஆள் ஏற்பாடு மூன்று நாளோடு நின்றிருக்காது.

அறுவை அரங்கில்

தொப்புளருகே 10 மி.மீ. துளை, மேலும் மூன்று துளைகள், 12 மி.மீ. பாதரச அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு. உள்ளே வயிற்றுக் கொழுப்புத் திரை பித்தப்பை முழுவதையும் போர்த்தி ஒட்டியிருந்தது. அதைப் பிரித்தெடுத்த பிறகு, பித்தப்பையின் கழுத்தும் பொதுப் பித்தக்குழாயும் ஒரே கெட்டியான திரளாக இருப்பது தெரிந்தது.

இந்த அறுவையில் எதையும் கிளிப் போட்டு வெட்டும் முன் மூன்று விஷயங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும்: பித்தப்பைக் கழுத்துக்கும் கல்லீரலுக்கும் இடையிலான முக்கோணம் கொழுப்பும் நாரும் நீங்கிச் சுத்தமாக இருப்பது, பித்தப்பையின் கீழ் மூன்றில் ஒரு பங்கு கல்லீரல் படுகையிலிருந்து விடுபட்டிருப்பது, பித்தப்பைக்குள் இரண்டே அமைப்புகள், ஒரு குழாயும் ஒரு தமனியும் மட்டும், நுழைவது. இவை தெரியாமல் வெட்டும்போதுதான் பொதுப் பித்தக்குழாயைப் பித்தப்பைக் குழாய் என்று எண்ணி வெட்டிவிடும் விபத்து நடக்கிறது. லேப்ராஸ்கோப்பியில் 1,000 பேரில் 3 முதல் 5 பேருக்கு நேரும் பித்தக்குழாய்க் காயம் அரிதுதான், ஆனால் வாழ்நாள் முழுக்கத் தொடரக்கூடியது.

50 நிமிடம் முயன்றும் அந்தக் காட்சி கிடைக்கவில்லை. அறுவை மருத்துவர் நிறுத்தினார். வலது விலாவுக்குக் கீழே 14 செ.மீ. கீறலிட்டு ஓப்பனாக மாற்றினார். கையால் தொட்டுப் பார்த்தும் குழாயைப் பிரித்தறிய முடியாததால், பித்தப்பையின் பெரும்பகுதியை மட்டும் வெட்டியெடுத்தார். கற்கள் அனைத்தும் அகற்றப்பட்டன. கல்லீரலோடு ஒட்டிய பின்சுவரும் கழுத்தின் அடிப்பகுதியும் விடப்பட்டன. கல்லீரலுக்கு அடியில் ஒரு டிரெயின், அதாவது கசிவதை வெளியேற்றும் குழாய், வைக்கப்பட்டது. ரத்தம் ஏற்றத் தேவைப்படவில்லை.

ஓப்பனாக மாற்றியதும், முழுதாக எடுக்கப் பிடிவாதம் பிடிக்காமல் பகுதியை விட்டதும் சரியான முடிவுகள். பிடிவாதம் பிடித்திருந்தால் நாங்கள் வேறொரு ஆய்வை எழுதிக்கொண்டிருப்போம். இந்த முறையில் பித்தக் கசிவு கூடுதலாக வரும். டிரெயின் வைத்ததே அதற்காகத்தான்.

இரண்டாவது கையெழுத்து

மாற்றும் முடிவு எடுத்ததும் தியேட்டர் ஊழியர் ஒருவர் வெளியே போய், மகனிடம் ஒரு தாளை நீட்டினார். “ஓப்பன் பண்ணணுமாம், ஒரு கையெழுத்து போடுங்க.” என்ன ஆயிற்று என்று மகன் கேட்க, உள்ளே போய்க் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. ஏதோ தவறு நடந்துவிட்டது, அதை மூடத்தான் கையெழுத்து வாங்கினார்கள் என்று மகன் முடிவுகட்டியது அந்த இரண்டு மணி நேரக் காத்திருப்பில்தான்.

இந்தக் கையெழுத்துக்குப் பயன் ஏதுமில்லை. சுயநினைவோடு இருந்தபோது முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த ஒருவர் மயக்கத்தில் இருக்கிறார் என்பதற்காக அவருடைய உறவினர் அவருக்காகச் சம்மதம் தர முடியாது. 2008-இல் சமீரா கோலி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அங்கே நோயாளி சம்மதித்தது பரிசோதனை லேப்ராஸ்கோப்பிக்கு. மயக்கத்தில் இருந்தபோது தாயிடம் அனுமதி பெற்றுக் கருப்பை அகற்றப்பட்டது. அந்த அனுமதி செல்லாது என்றது நீதிமன்றம். உயிரையோ உடல்நலத்தையோ காக்க, நோயாளி விழிக்கும்வரை காத்திருக்காமல் செய்தாக வேண்டியதற்கு மட்டுமே விலக்கு.

நம் நிகழ்வில் ஓப்பனாக மாறும் சாத்தியம் நோயாளியே கையெழுத்திட்ட படிவத்தில் இருந்தது. எனவே மகனிடம் கேட்க வேண்டியது எதுவுமில்லை, சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. மருத்துவர் ஒருவர் வெளியே வந்து, உள்ளே ஒட்டியிருக்கிறது, பாதுகாப்புக்காகத் திறந்து செய்கிறோம், அம்மா நிலையாக இருக்கிறார், இன்னும் இவ்வளவு நேரம் ஆகும் என்று நான்கு வாக்கியம் பேசியிருந்தால் போதும். தாளை நீட்டும்போது தகவல், பொறுப்பை மாற்றுவதாக உருமாறிவிடுகிறது.

கண் விழித்த பிறகு

நோயாளி வார்டில் கண் விழித்தபோது பக்கவாட்டில் ஒரு குழாய், வயிற்றின் குறுக்கே பெரிய கட்டு. அறுவை மருத்துவர் வந்தது மறுநாள் காலை ரவுண்ட்ஸில். இடையில் மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். கல் பெரிசாக இருந்தது என்றார் ஒருவர், சீழ் பிடித்திருந்தது என்றார் இன்னொருவர், ரத்தம் வந்ததால் திறந்தார்கள் என்றார் மற்றொருவர். மூன்றாவது தகவலுக்கு அறுவைக் குறிப்பில் எந்த ஆதாரமும் இல்லை. தியேட்டருக்கு வெளியே மீட்பு அறையிலேயே தான் நோயாளியிடம் சொன்னதாக மயக்க மருத்துவர் குறிப்பிட்டார். அது உண்மையாக இருக்கலாம். மயக்கம் தெளியும் நேரத்தில், அதிலும் மிடாசோலம் என்ற தூக்க மருந்து கொடுத்திருந்தால், கேட்டது நினைவில் தங்காது.

முதல் நாள் டிரெயினில் 180 மி.லி. பித்தம். இரண்டாம் நாள் 260, மூன்றாம் நாள் 310. காய்ச்சல் இல்லை, வயிறு மென்மையாகவே இருந்தது. கசிவு முழுவதும் டிரெயின் வழியே வெளியேறுகிறது என்பதற்கு அடையாளம் அது. மருத்துவக் கண்ணுக்கு இது அவசரமில்லாத நிலை. நோயாளி பார்த்ததோ நாளுக்கு நாள் நிரம்பும் பச்சை நிறப் பை.

இரண்டாம் நாள் மாலை மகன் எழுத்துமூலம் புகார் கொடுத்தார்.

விளக்கக் கூட்டம்

மூன்றாம் நாள் காலை, தனி அறையில், 40 நிமிடம். அறுவை மருத்துவர், துறையின் மூத்த மருத்துவர், வார்டின் பொறுப்பு செவிலியர், நோயாளி, மகன். மருத்துவமனை நிர்வாகியோ சட்ட ஆலோசகரோ உள்ளே வேண்டாம் என்று மூத்த மருத்துவர் தீர்மானித்தார். அவர்கள் இருந்தால் பேச்சு வாதமாகிவிடும் என்பது அவர் சொன்ன காரணம், எங்களுக்கும் அது சரியாகப் படுகிறது. இதுவரை என்ன சொல்லப்பட்டிருக்கிறது, நீங்கள் என்ன புரிந்துகொண்டிருக்கிறீர்கள் என்று முதலில் நோயாளியைக் கேட்டார்கள். அந்த மூன்று முரண்பட்ட விளக்கங்கள் வெளியே வந்தது இந்தக் கேள்வியால்தான்.

அதன்பின் அறுவை மருத்துவர் ஒரு தாளில் கல்லீரல், பித்தப்பை, குழாய்களை வரைந்தார். எங்கே ஒட்டியிருந்தது, எதை வெட்டிவிடக் கூடாது, எதை எடுத்தேன், எதை விட்டேன் என்று அதே படத்தில் காட்டினார். கசிவு எங்கிருந்து வருகிறது என்பதையும் பேனாவால் புள்ளி வைத்தார். அடுத்து, இப்படி ஆகலாம் என்று முன்கூட்டி உங்களுக்குப் புரியும்படி சொல்லாதது எங்கள் பக்கத் தவறு என்றார். அறுவை முடிவுக்கும் சொல்லாமல் விட்டதற்கும் இடையே அவர் கோடு பிரித்துப் பேசியது முக்கியம். ஒன்றுக்காக மன்னிப்புக் கேட்டபோது மற்றதையும் சேர்த்துக் குழப்பவில்லை.

நோயாளியின் பதில் யாரும் எதிர்பார்க்காத திசையில் இருந்தது. “வயித்துல தையல் விழுந்தது எனக்குப் பெருசில்லை டாக்டர். மூணு நாள்னு சொல்லி எங்கம்மாவை விட்டுட்டு வந்திருக்கேன்.”

2015-இல் மான்ட்கோமரி வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் இங்கே அப்படியே பொருந்துகிறது. ஓர் அபாயத்தைச் சொல்லியாக வேண்டுமா என்பதை அதன் சதவீதம் மட்டும் தீர்மானிக்காது. அந்த நோயாளியின் இடத்தில் இருப்பவர் அதைப் பொருட்படுத்துவாரா, இந்தக் குறிப்பிட்ட நோயாளி பொருட்படுத்துவார் என்று மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமா என்பதே கேள்வி. ஓப்பனாக மாறினால் வேலைக்குத் திரும்ப ஒன்றிரண்டு வாரத்துக்குப் பதில் நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், கனம் தூக்கக் கூடாது. படுக்கையில் இருப்பவரைத் தூக்கிப் புரட்டும் ஒருவருக்கு இதைவிடப் பெரிய செய்தி எது? வீட்டில் உங்களை நம்பி யார் இருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்றே மருத்துவமனையின் சமூகப் பணியாளர் மூலம் தாய்க்கு மாற்று ஏற்பாடு செய்யப்பட்டது. புகாரின் சூடு தணிந்தது அதற்குப் பிறகுதான்.

ஸ்டென்ட்டுக்கான ஒப்புதல்

கசிவு கூடிக்கொண்டே போனதால், ஈஆர்சிபி, அதாவது வாய்வழியே எண்டோஸ்கோப் விட்டுப் பித்தக்குழாயை எட்டும் சிகிச்சை, செய்து பொதுப் பித்தக்குழாயில் பிளாஸ்டிக் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைக்க முடிவானது. பித்தம் குடலுக்குள் இறங்க எளிய வழி கிடைத்துவிட்டால், கசியும் இடம் தானாக மூடிக்கொள்ளும். காத்திருப்பதும் ஒரு வழியாகவே முன்வைக்கப்பட்டது. சிலருக்கு டிரெயின் மட்டுமே போதும், ஆனால் வாரக்கணக்கில் ஆகலாம்.

இம்முறை ஈஆர்சிபி செய்யப்போகும் மருத்துவரே முந்தைய நாள் பிற்பகல் வந்தார். 100 பேரில் 3 முதல் 10 பேருக்குக் கணைய அழற்சி வரலாம், பெரும்பாலும் சில நாளில் தணியும், அபூர்வமாகக் கடுமையாகும். ரத்தப்போக்கும் குடலில் துளை விழுவதும் அதைவிடக் குறைவு. ஸ்டென்ட்டை ஆறு வாரத்தில் எடுத்தே ஆக வேண்டும், மறந்தால் அடைத்துக்கொண்டு மஞ்சள்காமாலையும் குளிர்காய்ச்சலும் வரும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, “நான் சரியா விளக்கினேனான்னு பார்க்கணும். வீட்டுல கேட்டா என்ன சொல்லுவீங்கம்மா?” என்று கேட்டார். நோயாளி கணைய அழற்சியைச் சரியாகச் சொன்னார். ஸ்டென்ட் நிரந்தரமாக உள்ளேயே இருக்கும் என்று நினைத்திருந்தார். அங்கேயே திருத்தப்பட்டது. புரிந்ததா என்று மட்டும் கேட்டிருந்தால் புரிந்தது என்ற பதிலோடு இந்தத் தவறான எண்ணமும் வீட்டுக்குப் போயிருக்கும்.

நான்காம் நாள் ஸ்டென்ட் வைக்கப்பட்டது. டிரெயின் அளவு மறுநாள் 120, பிறகு 60, பிறகு 20. ஒன்பதாம் நாள் டிரெயின் எடுக்கப்பட்டது, பத்தாம் நாள் டிஸ்சார்ஜ். ஆறாவது வாரம் ஸ்டென்ட் அகற்றப்பட்டது.

மூன்று மாதம் கழித்து

இரவு வலி திரும்பவில்லை. தழும்பைச் சுற்றி மரத்துப்போன உணர்வு, ஓரிரு வாரம் இளகிய மலம், பிறகு இயல்பு. உப்புசமும் ஏப்பமும் அப்படியே இருந்தன.

தையலையும் கசிவையும் ஏற்றுக்கொண்ட நோயாளி இதை ஏற்கவில்லை. “எதுக்காக ஆபரேஷன் பண்ணிக்கிட்டேனோ அது போகலையே” என்றார். அவர் கணக்கில் இந்த அறுவை தோல்வி. மருத்துவக் கணக்கில் வெற்றி, ஏனென்றால் மறுபடி அழற்சி வரும் ஆபத்து நீங்கிவிட்டது. இரண்டு கணக்கும் ஒரே அளவுகோலில் இல்லை, அறுவைக்கு முன் அவற்றை ஒன்றாக்க யாரும் முயலவில்லை. எண்டோஸ்கோப்பியில் இரைப்பை அழற்சியும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியும் கண்டறியப்பட்டு, இரண்டு வார மருந்து கொடுக்கப்பட்டது. தொந்தரவு ஓரளவு குறைந்தது, முற்றிலும் நீங்கவில்லை. இந்தப் பரிசோதனையை அறுவைக்கு முன்பே செய்திருக்கலாம். அறுவை முடிவு மாறியிருக்காது. எதிர்பார்ப்பு மாறியிருக்கும்.

புகார் மேலே போகவில்லை. நடந்ததை எழுத்தில் தரும்படி நோயாளி கேட்டார், கொடுக்கப்பட்டது. பித்தப்பையின் ஒரு பகுதி உள்ளே இருக்கிறது என்பதும் அதில் தெளிவாக எழுதப்பட்டது. இது சம்பிரதாயமான வரி இல்லை. பல வருடம் கழித்து வேறொரு ஊரில் ஸ்கேன் எடுக்கும்போது பித்தப்பை தெரிகிறது என்று அறிக்கை வந்தால் நோயாளி திடுக்கிடுவார். மிச்சப் பகுதியில் சிலருக்கு மீண்டும் கல் உண்டாகலாம் என்பதாலும் அடுத்து பார்க்கும் மருத்துவருக்கு இந்த வரி தேவை.

மாற்றப்பட்டவை

துறை முதலில் கைவைத்தது ஆலோசனை அறையில். எதிர்பார்ப்பு உருவாவது அங்கே என்பதால் ஒப்புதலும் அங்கேயே தொடங்குகிறது. இந்த அறுவையால் உங்களுக்கு எது சரியாக வேண்டும் என்பது முதல் கேள்வி. பதில் நோயாளியின் சொற்களிலேயே எழுதப்படுகிறது. ஒவ்வொரு தொந்தரவுக்கும் எதிரே போகும், போகலாம், போகாது என்ற மூன்றில் ஒன்று. இரவு வலிக்குப் போகும் அல்லது பெரும்பாலும் போகும். உப்புசத்துக்குப் போகலாம், உறுதியில்லை. அதே தாளில் வீட்டுப் பொறுப்பு பற்றி ஒரு வரி.

சிக்கல் கூடும் அறிகுறிகள், அதாவது முந்தைய அழற்சி, சுவர்த் தடிப்பு, முன்பு நடந்த மேல்வயிற்று அறுவை, முந்தைய ஈஆர்சிபி, உடல் பருமன், இவை எதுவாவது இருந்தால் பேச்சே வேறு மாதிரி அமைய வேண்டும். துறை ஒப்புக்கொண்ட மாதிரி வாசகம் இது: “துளை வழியாத்தான் ஆரம்பிப்போம். உங்களுக்கு முன்னாடி அழற்சி வந்திருக்கறதால உள்ளே ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். பித்தக்குழாய் தெளிவாத் தெரியலைன்னா திறந்து செய்வோம், தேவைப்பட்டா பையில கொஞ்சத்தை விட்டுடுவோம். அது உங்க பாதுகாப்புக்கு. அப்படி ஆனா பத்து நாள் வரை இங்கே இருக்க வேண்டியிருக்கும். அதுக்கும் சேர்த்து ஏற்பாடு பண்ணிக்கிட்டு வாங்க.”

படிவத்தில் ± குறி நீக்கப்பட்டது. ஓப்பனாக மாறுவதும், பகுதியளவு அகற்றுவதும், பித்தக்குழாய்க் காயமும், கசிவும் நோயாளி படிக்கும் மொழியில் முழு வாக்கியமாக அச்சாகியுள்ளன. முதலில் தயாரான வரைவில் முப்பதுக்கும் மேற்பட்ட அபாயங்கள் பட்டியலிடப்பட்டிருந்தன. அவ்வளவு நீண்ட பட்டியலில் முக்கியமான மூன்று காணாமல் போய்விடும் என்பதால் அது திருப்பி அனுப்பப்பட்டது. மயக்கத்தில் இருக்கும்போது எதிர்பாராத வேறொன்று தென்பட்டால் எதுவரை செய்யலாம், எதை எழுப்பிக் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்பதற்கும் இடம் உண்டு. படிவத்தை நோயாளி வீட்டுக்கு எடுத்துப்போய் இரண்டாம் வருகையில் கையெழுத்திட்டுத் தருகிறார். அறுவை செய்பவர் அல்லது அந்த அறுவையை நன்கு அறிந்த குழு உறுப்பினர்தான் பெறுகிறார். தனியாக 15 முதல் 20 நிமிடம் ஆகிறது. புறநோயாளிப் பிரிவு நெரிசலில் இது சுலபமில்லை. அதனால் முதல் பாதியைப் பயிற்சி பெற்ற செவிலியர் படத்தோடு விளக்குகிறார், சிக்கல் பற்றிய பேச்சை மட்டும் மருத்துவர் வைத்துக்கொள்கிறார்.

அறுவையின்போது திட்டம் மாறினால் மருத்துவர் ஒருவர் வெளியே வந்து உறவினரிடம் தகவல் சொல்கிறார், கையெழுத்து வாங்குவதில்லை. யாரிடம் எவ்வளவு சொல்லலாம் என்று நோயாளியிடம் முன்பே கேட்டுக் குறித்துவைக்கப்படுகிறது. அறுவை செய்தவர் அன்று மாலைக்குள் நோயாளியைப் பார்க்கிறார், மறுநாள் காலை அதையே மீண்டும் சொல்கிறார். சொன்னதன் சாரத்தை இரண்டு வரியில் கேஸ் ஷீட்டில் எழுதுகிறார். அடுத்த ஷிஃப்டில் வருபவர் வேறு கதை சொல்லாமலிருக்க அந்த இரண்டு வரி போதுமாக இருக்கிறது. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அகற்ற வேண்டிய தேதியோடு தனிப் பதிவேடு தொடங்கப்பட்டுள்ளது.

இப்படி விளக்கினால் பயந்து அறுவையை மறுத்துவிடுவார்கள் என்ற கவலை துறைக்குள்ளேயே எழுந்தது. உப்புசத்துக்காக மட்டும் வந்து, கல் தற்செயலாக ஸ்கேனில் தெரிந்தவர்களில் சிலர் காத்திருக்கத் தீர்மானிக்கிறார்கள். அவர்களுக்கு அது நியாயமான முடிவு. அறிகுறியே இல்லாத கற்களில் பெரும்பாலானவை தொந்தரவு தராமலேயே இருந்துவிடுகின்றன.

இன்னும் தீராதது

இரண்டு வருகை, வீட்டில் படித்துப் பார்க்க நேரம் என்பதெல்லாம் திட்டமிட்ட அறுவைக்குத்தான் பொருந்தும். கடும் அழற்சியோடு இரவில் வந்து மறுநாளே தியேட்டருக்குப் போகிறவரிடம்தான் ஓப்பனாக மாறும் வாய்ப்பும் அதிகம், பேச நேரமும் குறைவு. வலிக்கு மருந்து கொடுத்து, அது வேலை செய்யத் தொடங்கிய பிறகு பேசுவது. ஓப்பனாக மாறலாம், பகுதியை விடலாம், குழாயோடு விழிக்கலாம் என்ற மூன்றை மட்டும் சொல்வது. திருப்பிச் சொல்லச் சொல்வது. இப்போதைக்கு இந்தக் குறைந்தபட்ச வடிவம் நடைமுறையில் இருக்கிறது. நோயாளி மறுநாள் அதில் எவ்வளவை நினைவு வைத்திருக்கிறார் என்று வார்டு செவிலியர்கள் கேட்டுக் குறித்துவருகிறார்கள்.